பாறைக்கு அடியில் வானம் தெரியாது

வெர்னா ஸ்கோக்லண்டுக்கு அறுபத்தெட்டு வயது. கெட்டில் ஏரியில் வெளியூர்க்காரர்களைப் படகில் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைக்கிறவர்கள் நாலு பேர். அதில் அவள் ஒருத்திதான் பெண். படகில் ஏறும் ஆண்கள் முதல் பத்து நிமிஷம் அவளுக்கு உதவப் பார்ப்பார்கள். கயிற்றை நான் அவிழ்க்கிறேன், நங்கூரத்தை நான் தூக்குகிறேன் என்பார்கள். "உக்காருங்க. நீங்க விழுந்தா தூக்கறதுக்கு எனக்குத் தெம்பு மிச்சம் வேணும்" என்பாள். அப்புறம் உட்கார்ந்துவிடுவார்கள்.

முதலில் அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். மீன் தொழில் அவள் கணவர் ஆர்லினுடையது. எங்கள் பக்கத்தில் மீன் என்றால் வாலாய்தான், வெண்ணெயில் பொரித்துச் சாப்பிடுவோம். சின்னவாய் பாஸ் என்கிற மீன் தூண்டிலில் மாட்டினால் சனியன் என்று திட்டிக் கரையில் எறிந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு தெற்கிலிருந்து ஆட்கள் அந்தச் சனியனைத் தேடியே வர ஆரம்பித்தார்கள். அது தூண்டிலைக் கவ்வியதும் தண்ணீருக்கு மேலே துள்ளும், படகுக்கு அடியில் பாயும், கை வலிக்கும்வரை சண்டை போடும். அவர்களுக்கு அதுதான் வேண்டும். பிடித்து, போட்டோ எடுத்து, மறுபடி தண்ணீரில் விட்டுவிடுவார்கள்.

ஆர்லின் மறுத்துவிட்டார். "திங்காத மீனுக்கு நான் படகு ஓட்டமாட்டேன்."

"அப்ப அந்தப் பழைய படகை எனக்குக் குடு" என்றாள் வெர்னா. பத்து வருஷத்தில் அவளிடம் வந்த ஆட்கள் அவரிடம் வந்தவர்களைவிட அதிகம். அவர் அதை ஒத்துக்கொண்டதே இல்லை.

நான் அந்த வீட்டுக்குப் போனது இதெல்லாம் முடிந்து வெகு காலம் கழித்து. ஆர்லினுக்கு எழுபத்துமூன்று வயதில் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் பேச்சும் போய்விட்டன. புத்தி முழுசாக இருந்தது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், 'எழவு'. பசித்தாலும் அதுதான், பாதிரியார் வந்து ஜெபித்துவிட்டுப் போனால் நன்றிக்கும் அதுதான். ஜூலையில் வெர்னா ஏரியில் இருந்தபோது குளியலறையில் விழுந்து ஒரு மணி நேரம் கிடந்தார். மாவட்ட அலுவலகத்திலிருந்து மிஸ் டீட்ரிக் என்ற அம்மாள் வந்தாள். பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைக்கிறோம், இன்னொரு அசம்பாவிதம் நடந்தால் நூறு மைல் தள்ளி இருக்கிற முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஆள் நான்தான். முப்பத்தெட்டு வருஷமாக இதே வேலை செய்கிறேன். பள்ளிக்கூடத்தில் வெர்னாவுக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவள்.

முதல் நாள் அவள் எனக்கு மாத்திரை டப்பாவையும் துவைக்கும் இயந்திரத்தையும் காட்டினாள். ஜன்னலோரம் ஆர்லினின் நாற்காலி, பக்கத்தில் படகு ரேடியோ.

"அந்த ரேடியோவை மட்டும் தொடாதே, மார்விஸ்."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆர்லின் பகல் முழுக்க அந்த ஜன்னலில் உட்கார்ந்திருப்பார். ரேடியோவின் பேசும் பொத்தானை இடது கையால் அவ்வப்போது அழுத்துவார். சில சமயம் ஒரு முறை, சில சமயம் இரண்டு முறை. பக்கவாதம் வந்தவர்களின் கை எதையாவது திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர் போர்வை நுனியைப் பிய்ப்பார், இன்னொருவர் பட்டனைத் திருகுவார். இதுவும் அப்படித்தான் என்று முடிவுகட்டினேன்.

வெர்னாவுக்கு நல்ல மீன் கிடைக்கிற இடம் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே செங்குத்தான பாறை, மேலே பைன் மரங்கள். அடியில் உடைந்து விழுந்த கற்களுக்கிடையே சிங்கி இறால் இருக்கும், அதைத் தின்னப் பாஸ் வரும். சிங்கி இறால் மாதிரியே செய்த பழுப்பு ரப்பர் இரையை ஈயத்தலை வைத்த தூண்டில் முள்ளில் கோத்துக் கற்களில் தட்டித் தட்டி இழுக்க வேண்டும். இடத்துக்கு ஒரு குறை உண்டு. எங்கள் ஊரில் புயல் மேற்கிலிருந்து வரும். பாறைக்கு அடியில் நிற்கிறவனுக்கு மேற்கு வானம் தெரியாது, காற்றும் படாது. தலைக்கு மேலே கறுக்கும்போது நேரம் போயிருக்கும். கிழக்குக் கரையில் இருக்கும் வீட்டுக்கு வர ஐந்து மைல் திறந்த தண்ணீரைத் தாண்டவேண்டும். அங்கே செல்போன் எடுக்காது. இன்னொன்று, புயலுக்கு முந்தைய ஒரு மணி நேரம் பாஸ் வெறிபிடித்துத் தின்னும். புயல் கடந்து வானம் பளிச்சென்று நீலமான பிறகு ஆழத்தில் போய் வாயைத் திறக்காமல் கிடக்கும். அதனால் எவனும் சரியான நேரத்தில் கிளம்ப ஆசைப்படமாட்டான்.

ஆகஸ்ட் கடைசி வாரம், செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே புழுக்கம், தெற்கிலிருந்து ஈரக்காற்று. ஐயோவாவிலிருந்து பப்பாஸ் சகோதரர்கள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். மூத்தவர் பல் டாக்டர். மிஸ் டீட்ரிக் வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குக் காட்டரிசி சூப் சூடாக்கி வைத்தேன். ஆர்லின் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை, இரண்டு இரண்டாகப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். விழுங்குவதில் சிரமம் உள்ளவர் சாப்பிடும்போது டிவி, ரேடியோ, பேச்சு எதுவும் கூடாது, கவனம் சிதறினால் மூச்சுக்குழாயில் போய்விடும். எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. நான் ரேடியோவை அணைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். "எழவு" என்றார்.

"ஆமா, எழவுதான். மோவாயைக் கீழ இறக்குங்க" என்றேன்.

வாயைத் திறக்கவில்லை. கரண்டியைத் தட்டிவிட்டார். துடைத்துவிட்டு மறுபடி முயன்றேன். சூப்பை இரண்டாம் தடவை சூடாக்கிக் கொண்டுவந்தேன். அப்போதுதான் இடது கையால் கிண்ணத்தையே வீசினார். அது ஜன்னல் கண்ணாடியில் பட்டு வழிந்தது. குறிப்பேட்டில் என்ன எழுதுவது என்று மனதுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டே துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்த இடத்தில் மேற்குப் பாறைக்கு மேலே கருநீலமாக ஒரு கோடு தெரிந்தது, அதன் அடியில் வெளுத்த விளிம்பு. இந்த ஊரில் பிறந்தவளுக்கு அது என்ன என்று யாரும் சொல்லவேண்டியதில்லை.

ரேடியோவைப் போட்டேன். ஆர்லின் பொத்தானை மூன்று முறை அழுத்தினார். மறுபடி மூன்று.

வெர்னாவின் குரல் வந்தது. "எங்க போயிருந்தே கிழவா? தூங்கிட்டியா? எல்லாம் சரியாயிடுச்சுபோலன்னு நெனச்சேன். இங்க மீன் பைத்தியம் புடிச்ச மாதிரி கடிக்குது."

மூன்று முறை.

"கேட்டுது, கேட்டுது. பத்து நிமிஷம் குடு."

பின்னாலிருந்து பல் டாக்டரின் குரல்: "இன்னும் ஒண்ணே ஒண்ணு, வெர்னா."

நான் குனிந்து பேசினேன். "வெர்னா, அவர் தூங்கல. நான் ரேடியோவை அணைச்சு வச்சிருந்தேன். இருபத்தஞ்சு நிமிஷம். பாறைக்கு மேல முழுக்கக் கறுத்தாச்சு. இப்பவே கெளம்பு."

பிறகு, "தூண்டிலை உள்ள இழுங்க, ரெண்டு பேரும்" என்று அவள் சொல்வதும் மோட்டார் பிடிப்பதும் கேட்டன.

பன்னிரண்டு நிமிஷத்தில் காற்று வீட்டை அடித்தது. அப்புறம் ஆலங்கட்டி. ஏரி கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஆர்லின் நிமிஷத்துக்கு ஒரு முறை பொத்தானை அழுத்தினார், மறுபக்கம் ஒன்றும் இல்லை. அவருடைய நாடியைப் பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டு. தரையைத் துடைத்தேன். அவர் தண்ணீர்க் குவளையைக் கைகாட்டினார், கொடுத்ததும் மோவாயை இறக்கி ஒழுங்காகக் குடித்தார். மறுபடி நாடி பார்த்தேன். இப்படியே ஒரு மணி நேரமும் பத்து நிமிஷமும் போயின.

ரேடியோவில் டக் என்று ஒரு சத்தம். ஒரே ஒரு தடவை. ஆர்லின் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். ஒன்று என்றால் சுகம், இரண்டு என்றால் காற்று மாறுகிறது, மூன்று என்றால் கிளம்பு. அதை அப்போதுதான் முழுசாகக் கோத்துப் பார்த்தேன்.

மூன்று மணிக்கு வந்து சேர்ந்தார்கள். பாதி வழியில் அலை பின்னாலிருந்து படகுக்குள் ஏறியதும் வெர்னா நேரே வீட்டுக்கு வராமல் திருப்பி, ஏரி நடுவில் இருக்கும் மணித்தீவின் மறைவில் கரையேற்றிவிட்டாள். ரேடியோ நனைந்து குரல் போகவில்லை, பொத்தான் சத்தம் மட்டும்தான் போனது. முதல் அலையிலேயே பல் டாக்டர் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மீன்பிடிப் பத்திரிகை ஒன்றைச் சுருட்டி வைத்து நான் கட்டுப் போட்டேன்.

"நாலே முக்கால் பவுண்டு" என்றார் அவர், பல் கிட்டிக்கொண்டிருக்கும்போதே.

"எது?"

"மீனு. கடைசியாப் புடிச்சது."

"கையை மேலயே தூக்கி வச்சுக்குங்க" என்றேன். அவர் தம்பி காரில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

வெர்னா ஈர உடையோடு சமையலறையில் நின்றாள்.

"தொடாதேன்னு சொன்னேன்ல?"

"ஏன்னு சொல்லலையே."

"நீ கேட்டியா?"

"நாலு வயசுப் பிள்ளைக்குக்கூட அடுப்பைத் தொடாதேன்னா, சுடும்னு சேத்துச் சொல்லுவோம்."

அவள் காலணியைக் கழற்றித் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினாள். "அந்தாள் மூணு அடிச்சப்பவே கெளம்பியிருந்தா தீவைத் தாண்டியிருப்பேன். பத்து நிமிஷம் கேட்டேன் பாரு, அது என் தப்பு." பிறகு என் கையிலிருந்த குறிப்பேட்டைப் பார்த்தாள். "என்ன எழுதப்போறே?"

"நடந்ததை."

"கிண்ணத்தை வீசினாருன்னு எழுதினா அவரை அனுப்பிடுவாங்க, மார்விஸ். சூப் கொட்டிடுச்சுன்னு எழுது. கொட்டத்தானே செஞ்சுது?"

"கண்ணாடியில ஆறடி உயரத்துலயா கொட்டும்?"

"அந்தம்மா அளந்தா பாக்கப்போறா?"

நான் யோசிக்காமல் இல்லை. கிண்ணத்தை மட்டும் எழுதினால் அவர் முரடர் ஆகிவிடுவார். எதையும் எழுதாவிட்டால் அடுத்து வருகிற பெண்ணும் சாப்பாட்டு நேரத்தில் ரேடியோவை அணைப்பாள், அவளுக்கும் அதே பாடம்தான் கற்றுக்கொடுத்திருப்பார்கள். முழுசாக எழுதினேன். நான் அணைத்த நேரம், அவர் காட்டிய எதிர்ப்பு, கிண்ணம், மேகம், மூன்று அழுத்தல், மணிக்கட்டு. இரண்டு பக்கம் வந்தது. வெர்னா படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அன்று எனக்குக் காப்பி தரவில்லை.

மறுநாள் வானம் கழுவிவிட்டமாதிரி நீலம். வேறு ஆட்களோடு போய் எட்டு மணி நேரத்தில் இரண்டு மீன் பிடித்துவந்தாள்.

வியாழக்கிழமை மிஸ் டீட்ரிக் குறிப்பேட்டை இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப, நோயாளிதான் உங்களைப் பாத்துக்கறாரா, மிசஸ் ஸ்கோக்லண்ட்?"

"காலையில ஏழு மணியிலேந்து மூணு மணி வரைக்கும் அவர் நோயாளி இல்ல. வேலையில இருக்காரு."

"அவர் தப்பாச் சொல்லிட்டா?"

"இருபத்தேழு வருஷத்துல ரெண்டு தடவை தப்பாச் சொல்லியிருக்காரு. ரெண்டு தடவையும் சும்மா சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன், அவ்வளவுதான். டிவில வானிலை சொல்றவன் வாரத்துக்கு ரெண்டு தடவை தப்பு பண்றான், அவனை எந்த இல்லத்துக்கு அனுப்பறீங்க?"

மிஸ் டீட்ரிக் சிரிக்கவில்லை. வெர்னா படகில் கிளம்பிய பிறகு ஆர்லின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர் அவளைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு தடவை இரண்டு அழுத்தினார். கால் மணி நேரத்தில் காற்று வடக்கிலிருந்து திரும்பி, படகுத்துறைக் கொடிமரத்தில் கொடி படபடத்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்து எதையோ எழுதிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. அவர் வீட்டிலேயே இருக்கலாம். வெர்னா ஏரியில் இருக்கும் நேரம் முழுக்கப் பயிற்சி பெற்ற ஆள் கூட இருக்கவேண்டும். ரேடியோவை அணைக்கக்கூடாது, சாப்பாட்டு நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து மறு ஆய்வு. என்னை அனுப்பிய நிறுவனம் எனக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்து வேறு வீட்டுக்கு மாற்றியது. வெர்னா அவர்களுக்குப் போன் செய்து, புதுசாக ஒருத்திக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கத் தன்னால் முடியாது என்றாள். முதலிலும் அவள் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. திங்கட்கிழமை திரும்பிப் போனேன்.

அவள் படகுத்துறையில் நின்று கடிதத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தாள்.

"ஆறு மாசம்னா மார்ச். அப்ப ஏரி உறைஞ்சு கெடக்கும். படகு இல்ல, ஆளுங்க இல்ல. அந்தம்மா வந்து பாக்கறப்ப இவர் சும்மா உக்காந்திருப்பாரு."

"பனிமேல ஓட்டை போட்டு மீன் புடிக்கறவங்க இருப்பாங்களே? மார்ச்சுல பனி எங்க மெலிசுன்னு அவருக்குத் தெரியாதா?"

"தெரியும்." கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். "ஆனா அவங்க எல்லாரும் வாலாய் புடிக்கறவங்க. திங்கற மீனுக்குன்னா அவரைக் கையில புடிக்க முடியாது."

மேலே சாலையில் அன்றைய ஆட்களின் கார் வந்து நின்றது. அவள் அவர்களுடைய உயிர்காப்புச் சட்டைகளை எடுக்கப் போனாள்.