சீல்காரரின் ஒன்பது நிமிடம்

அந்த முதல் நாள் பேச்சு அவளுக்கு இன்றும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது.

"கம்ப்யூட்டருக்கு ஆள் அனுப்பச் சொல்லியிருந்தேன். நீங்க?"

"நான்தான் சார்."

"ஓ." சீல்காரர் அவள் முதுகுப்பையைப் பார்த்தார். "ரிப்பேர்னு ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் ஓடுது. என் பொண்ணுதான் வேகமாக்கியே ஆகணும்னு ஃபோன்ல ஒத்தக்கால்ல நிக்கிறா."

"ஆன் ஆக எவ்வளவு நேரம் எடுக்குது?"

"ஒன்பது நிமிஷம்."

"ஒன்பதா?"

"மழை நாள்ல பத்து."

"அரை நிமிஷத்துல வர்ற மாதிரி பண்ணிடலாம் சார்."

"அவ்வளவு அவசரமா என்ன?" என்றார் அவர்.

அதை அவள் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்கு வந்த இடத்தில் வளவளவென்று பேசும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று அவள் அண்ணனே கிண்டல் செய்வான். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் அது எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே பாதி அதனால்தான்.

கைகளை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும் அகலத்தில் ஒரு கடை. டாக்டருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அலுவலகங்களுக்கும் அங்கே ரப்பர் சீல் செய்து தருவார். வீடு என்பது கடைக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறை. மனைவி போய் ஆறு வருடமாகிறது. வெளிநாட்டில் இருக்கும் மகள் தவறாமல் ஃபோன் செய்வாள், "மீட்டிங் இருக்குப்பா" என்று தவறாமல் வைத்தும் விடுவாள்.

ரிப்பேருக்கு வந்தவள் ஒருமுறை ஆன் செய்து காட்டச் சொன்னாள். "யாராவது வரட்டும்" என்றார் அவர். காலையில் கடை திறந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டுவைக்கும் வழக்கமே அவருக்கு இல்லை. ஆள் வந்தால் போடுவார், ஆள் போனதும் அணைத்துவிடுவார். சூடாகிவிடுமாம்.

சற்று நேரத்தில் எதிர் அலுவலகத்துக் குமாஸ்தா வந்தார். சீல்காரர் சுவிட்சைத் தட்டிவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உட்காருங்க, மெஷின் எழுந்திரிக்கட்டும்."

"உங்க மெஷின் எழுந்திரிக்கிறதுக்குள்ள நான் ரிடையர் ஆயிடுவேன் சார்."

"ஆனா என்ன, 'ரிடையர்டு'ங்கற சீலையும் நானே செஞ்சு தர்றேன்."

குமாஸ்தா உட்கார்ந்தார். முழங்கால் வலியில் ஆரம்பித்து, மாப்பிள்ளைக்கு வந்த மாற்றல் வழியாக, மேலதிகாரி டோப்பா வைத்திருக்கிறாரா இல்லையா என்பதில் வந்து நின்றது பேச்சு. சீல்காரர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக ஒன்பது நிமிடம்.

புது சீலின் வாசகத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் குமாஸ்தா போனதும் அவள் பெட்டியைத் திறந்தாள். மின்விசிறியில் தூசி தலையணைப் பஞ்சுபோல அடைந்திருந்தது. ஊதித் துடைத்தாள். கரகரவென்று இரைந்துகொண்டிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான எஸ்.எஸ்.டி. போட்டாள். உள்ளே இருந்த ஒரே ரேம் அட்டையை எடுத்துவிட்டு அதைவிடப் பெரியது ஒன்றை மாட்டினாள். இருபது வருடத்து சீல் வடிவங்களை ஒன்றுவிடாமல் புதியதில் ஏற்றினாள். மறுபடி ஆன் செய்தபோது இருபத்தைந்து விநாடியில் திரை வந்தது, அதுவும் சத்தமே இல்லாமல்.

மாலையில் வாசகத்தைச் சரிபார்க்கக் குமாஸ்தா வந்தார். சீல்காரர் ஸ்டூலை இழுப்பதற்குள் திரையில் சீல் வந்துவிட்டது.

"உட்காருங்களேன்."

"எதுக்கு சார்? அதான் வந்திடுச்சே! பலே, ராக்கெட்டு!"

நின்றபடியே பார்த்து, தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். சீல்காரர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததற்கு என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவரிடமிருந்து ஃபோன். ஆன் ஆகவில்லை, பீப் பீப் என்று கத்துகிறது என்றார். அவள் போனாள். ஸ்டூல்களின் மேல் சீல் கைப்பிடிகள் பெட்டி பெட்டியாக ஏறியிருந்தன.

மூடியைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. ரேம் பாதி வெளியே வந்திருந்தது. அதை இரண்டு முனையிலும் பிடித்திருக்கும் கொக்கிகள் இரண்டும் திறந்திருந்தன. விரல் வைத்து அழுத்தாமல் அவை திறக்காது. சீல்காரர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"லூசா இருந்தது சார்."

"தானா லூசாகுமா?"

"சில சமயம் ஆகும்." தொழிலில் அவள் சொன்ன முதல் பொய் அது.

"ஆகாதும்மா. நான்தான் கழட்டினேன்." அவர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "நீ மாட்டினப்போ பார்த்தேன்ல. அதை எடுத்துட்டா பழையபடி மெதுவாகும்னு நெனச்சேன். ஒரேயடியா படுத்துக்கும்னு யாரு கண்டா? இந்தப் பன்னிரண்டு நாள்ல ஒருத்தர் உட்காரலம்மா. வர்றாங்க, தேங்க்ஸ்ங்கறாங்க, போயிடறாங்க."

"பழைய டிஸ்க்கையே மாட்டித் தரட்டுமா சார்?"

"வேண்டாம். என் பேச்சுத்துணைக்காக அவங்க வேலையைக் கெடுக்கலாமா? தப்பில்லையா?"

அவள் ரேமை அழுத்தினாள். இரண்டு கொக்கியும் டக், டக்கென்று மூடிக்கொண்டன. திரை வந்தது. மூடியைப் பொருத்தி, முதல் ஸ்க்ரூவை எடுத்தாள்.

அவர் ஒரு ஸ்டூலைக் காலி செய்து, அவள் பக்கத்தில் போட்டு, தானே அதில் உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்மா, இன்னும் நாலு ஸ்க்ரூ இருக்குல்ல? கொஞ்சம் மெதுவா முடுக்கறியா?"