புடலங்காய்த் துப்பாக்கி

நகைக்கடை அண்ணையின் கடைக்குள் இரண்டு பேர் கைத்துப்பாக்கியோடு நுழைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம். எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிசின் லா சப்பலில் அப்போது தமிழ்க் கடைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். நானும் என் கணவரும் பலசரக்குக் கடை திறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அண்ணையின் கடை எங்களுக்கு அடுத்த கதவு. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், வீரிட்டுக் கத்தினார். பிறகு கண்ணாடி உடைந்தது. பிறகு ஓடுகிற காலடிச் சத்தம். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் இருக்காது.

நல்ல காலம், யாருக்கும் காயமில்லை. ஒரு தட்டு மோதிரம் போனது. பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. மூன்றாம் நாளே அக்கா உடைந்த கண்ணாடிப் பெட்டியின் மேல் ஒரு பழைய சேலையை விரித்து வியாபாரத்தைத் தொடங்கிவிட்டார். ஆண்களால்தான் அதை விட முடியவில்லை. எங்கள் கடையில் வெங்காயம் வாங்க வந்தவர்கள் எல்லாம் வெங்காயத்தை மறந்துவிட்டுத் துப்பாக்கியைப் பற்றிக் கதைத்தார்கள்.

பிரான்ஸ் முழுக்கவே அந்த நாட்களில் இந்தக் கதைதான். கடைக்காரன் தன்னைக் காக்கச் சுடலாமா, கூடாதா என்று தொலைக்காட்சியில் கழுத்துப்பட்டி கட்டியவர்கள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு எதிரே ரொட்டி சுடும் வெதுப்பகம் வைத்திருந்த பிரெஞ்சுக்காரி, தன் புருஷன் வேட்டைத் துப்பாக்கியை மாவு மூட்டைக்குப் பக்கத்தில் வைத்திருப்பதாக என் கணவரிடம் சொல்லியிருந்தாள். அது அவர் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

"அவன் வைச்சிருக்கலாம் எண்டால் நாங்கள் ஏன் வைச்சிருக்கேலாது?" என்றார் ஒரு நாள், அண்ணையும் கடையில் நிற்கும்போது.

"துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்து, இஞ்சை துவக்கு வாங்கப் போறியளோ?" என்று நான் கேட்டேன்.

"அது வேறை, இது வேறை. நீர் பேசாமல் இரும்."

"அங்கையும் முதல் எல்லாரும் அது வேறை எண்டுதான் சொன்னவை."

அண்ணை இரண்டு பக்கமும் தலையாட்டினார். அவர் யார் பேசினாலும் தலையாட்டுவார்.

வாங்குவதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்களிடம் இருந்தது அகதி அட்டை. அதை நீட்டித் துப்பாக்கி கேட்க என் கணவருக்கே கூச்சமாக இருந்தது. அதனால் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒருவரைப் பிடித்தார்கள். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் இரண்டு தரம் எங்களிடம் கறிவேப்பிலை வாங்க வருவார். வாங்குவது ஒரு கொத்து. பேசுவது ஒரு மணி நேரம். அவரை நாங்கள் பிரெஞ்சு வழக்கில் முசியே என்றுதான் கூப்பிடுவோம்.

முசியே கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்தார்.

"கைத்துப்பாக்கின்னா பிரெஃபெக்தூர்ல, சர்க்கார் ஆபீஸ்ல, அனுமதி வேணும், அது நடக்காது. வேட்டைத் துப்பாக்கி நான் வாங்கலாம். ஆனா வாங்கி உங்க கையில குடுத்தா நாளைக்கு எம் பேருல இல்ல கேஸ் வரும்? முதல்ல உங்களுக்கு எடுக்கத் தெரியுதான்னு பாப்போம்."

வியாழக்கிழமை. விமானத்தில் வந்த மரக்கறிப் பெட்டிகள் அப்போதுதான் உடைக்கப்பட்டிருந்தன. அவர் ஒரு நீளமான புடலங்காயை எடுத்து என் கணவரிடம் கொடுத்தார். "இது உங்க துப்பாக்கி. கல்லாவுக்குக் கீழ வையுங்க." தனக்கு ஒரு முருங்கைக்காயை முறித்துக்கொண்டார். "நான் திருடன். வெளிய போயிட்டு வர்றேன்."

கடைக்குள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தள்ளுவண்டியில் பிள்ளையோடு வந்த ஒரு மாலி நாட்டுப் பெண் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் நின்று பார்த்தாள்.

முசியே கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் கணவர் குனிந்தார். புடலங்காய் கல்லாவின் இழுப்பு லாச்சிக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தார். அது பாதியில் முறிந்து வந்தது. அதற்குள் முருங்கைக்காய் அவருடைய மூக்கில் நின்றது.

"செத்தீங்க," என்றார் முசியே.

"திரும்பச் செய்வம்."

இரண்டாவது புடலங்காயும் முறிந்தது. மூன்றாவது முறை அவர் காயை இடுப்போடு பிடித்துக்கொண்டு ஆயத்தமாகவே நின்றார். முசியே நுழைந்ததும் சரியாக அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டி, "டுமீல்!" என்று கத்தினார். முசியே சட்டென்று குனிந்தார். புடலங்காய் இப்போது நேராக நீட்டிக்கொண்டிருந்தது தள்ளுவண்டிக்கு. உள்ளே இருந்த பிள்ளை கையைத் தட்டிச் சிரித்தது.

கடையே சிரித்தது. தாயும் சிரித்தாள். என் கணவர் மட்டும் காயைக் கீழே போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தார். "பழகினால் சரிவரும்," என்றார். அவருடைய பிடிவாதத்துக்கு மூன்று புடலங்காய் போதாது.

பழகுவதற்கும் முசியேயிடம் வழி இருந்தது. புறநகரில் ஒரு சுடும் கழகத்தில் அவருடைய பழைய பட்டாளத்து நண்பர் பொறுப்பாளராக இருந்தார். விருந்தாளிகளாகப் போய்ச் சிறிய துப்பாக்கியால் ஐந்து ஐந்து குண்டு சுட்டுப் பார்க்கலாம். அடுத்த ஞாயிறு பூசைக்குப் போகாமல் சுடப் போனோம். "நீர் ஏன்?" என்று கணவர் கேட்டார். "நீங்கள் ஆரைச் சுடுறியள் எண்டு பாக்க," என்று சொல்லிக் கோட்டைப் போட்டுக்கொண்டேன். அக்காவும் வந்தார். ஐந்து பேருக்கும் போதுமான புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார்.

அது கூரை போட்ட நீளமான மண்டபம். பொறுப்பாளர் காதுக்கு மூடி தந்து, எப்படிப் பிடிப்பது, எங்கே விரல் வைக்கக்கூடாது என்று பொறுமையாகக் காட்டினார். முதலில் அண்ணை சுட்டார். ஐந்து முறையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டார். குறி வட்டம் போட்ட கடதாசி புதிதாக அப்படியே திரும்பி வந்தது. என் கணவர் ஓரத்தில் ஒரு ஓட்டை போட்டார். அதை அண்ணையிடம் காட்டினார். பிறகு பொறுப்பாளர் முசியேயின் தோளில் தட்டி அவரையும் கூப்பிட்டார். அவர் தயங்கித் தயங்கிப் போய் நின்றார். அவருக்கும் ஒரு ஓட்டைதான்.

"காத்து," என்றார் முசியே.

நாங்கள் நான்கு சுவரையும் பார்த்தோம்.

நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் வீரர் இருபது வருடமும் பட்டாளத்தில் சாமான் அறைக் கணக்கெழுத்தராக இருந்த விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. போர்வை, சப்பாத்து, சூப்புக் கிண்ணம். முசியேக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் மறுக்கவில்லை. "துப்பாக்கியையும் நான்தான் எண்ணி வாங்கி உள்ள வெப்பேன். ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தப் பட்டாளத்துக்கும் தூக்கம் இருக்காது. அதான் சொல்றேன், அது லேசான சாமான் இல்ல," என்றார்.

கடைசியாக என்னைக் கேட்டார்கள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். அக்கா பின்னால் நின்று தள்ளினார். படுத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி, பொறுப்பாளர் சொன்னபடி மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். ஐந்து குண்டு. கடதாசி வந்தபோது நான்கு ஓட்டைகள் கறுப்பு வட்டத்துக்குள், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருந்தன.

பொறுப்பாளர் கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாதாம், முன்பு எங்கே பழகினீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார். "ஊசியில் நூல் கோர்த்து," என்றேன். உண்மை அதுதான். ஊரில் நான் தையல்காரி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அது பிடித்துப் போயிற்று. நெஞ்சு படபடவென்று அடித்தது, அவ்வளவு சந்தோஷம். இன்னும் ஐந்து தந்திருந்தால் சுட்டிருப்பேன். துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். இவ்வளவு லேசாக வருகிறதே என்று பயமாகவும் இருந்தது. எதிர்த்துப் பேசியவளுக்கே இப்படிப் பிடிக்கிறதென்றால், கோபத்தில் இருக்கிறவன் கையில் இது என்ன செய்யும்?

வெளியே புல்லில் இருந்து புட்டைச் சாப்பிட்டோம். அண்ணை என் கடதாசியை வாங்கி வாங்கிப் பார்த்தார். முசியே சம்பல் உறைப்பு என்று கண்ணீர் விட்டபடி மூன்றாம் தரமும் கேட்டு வாங்கினார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

திரும்பி வரும் ரயிலில் கணவர் என் பக்கத்தில் இருந்தார். மற்ற மூவரும் தள்ளி இருந்தார்கள்.

"அப்ப துவக்கை நீர்தான் வைச்சிருக்க வேணும்," என்றார் மெல்ல. "உமக்குத்தானே வருது."

"எனக்கு வருகுது. ஆனால் அந்தக் கடதாசி அசையாமல் நிண்டது. எங்கடை கடையிலை ஆரப்பா அசையாமல் நிக்கினம்? சுடுற வழியிலை தள்ளுவண்டி நிக்குது, அக்கா நிக்கிறா, நீங்கள் நிக்கிறியள்."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"கள்ளர் வந்த அண்டைக்கு அக்கா கத்தேக்கை நான் அரிசி மூட்டைக்குப் பின்னாலை குந்திக்கொண்டிருந்தனான். நீர் காணேல்லை. ஓடிப் போயிருக்க வேணும். கையிலை ஒண்டு இருந்திருந்தால் போயிருப்பன் எண்டு தினமும் நினைக்கிறன்."

இத்தனை நாள் வாதாடியதன் அடியில் இதுதான் இருந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"நான் எப்பிடிக் காணுறது? நான் பருப்பு மூட்டைக்குப் பின்னாலை எல்லோ இருந்தனான்," என்றேன்.

"நீரோ?"

"ஓம். உங்களுக்கு முதலே குனிஞ்சிட்டன். குந்தியிருந்தபடி மாதாவை மன்றாடினனான், நீங்கள் வெளியிலை ஓடிடக் கூடாது எண்டு."

அவர் என்னையே பார்த்தார். வாய் கோணியது. அழப்போகிறாரோ என்று நினைத்தேன். சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எதிர் இருக்கையில் இருந்த பிரெஞ்சுக் கிழவர் பத்திரிகையைத் தாழ்த்திப் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தார்.

"நான் தனியப் போகத்தான் பயந்தனான்," என்றார் அடங்கியதும். "அண்டைக்கு நாலு பேர் சேர்ந்து போயிருந்தால் போயிருப்பன்."

அந்தச் சொல்லிலிருந்துதான் அபாய மணி வந்தது. என் கணவர் ஊரில் வயரிங் வேலை செய்தவர். அடுத்த வாரம் எங்கள் கடை, நகைக்கடை, எதிரே வெதுப்பகம் மூன்றுக்கும் கம்பி இழுத்தார். தெருவைக் கடக்கக் கம்பி போட முடியாது என்று நகரசபைக்காரர் சொன்னதால், கட்டட நிர்வாகியைக் கெஞ்சித் தெருவுக்கு அடியால் தொடரும் பழைய நிலக்கீழ் அறைகள் வழியாகக் கொண்டுபோனார். நான்கு நாள் சிலந்தி வலையோடு திரிந்தார். இவ்வளவு உற்சாகமாக நான் அவரைப் பாரிசில் பார்த்ததில்லை. ஒரு கடையில் காலால் பொத்தானை அமுக்கினால் மற்ற இரண்டிலும் மணி அடிக்கும். கேட்டவர் ஒருவர் தொலைபேசியில் பதினேழை அடித்துப் பொலிஸைக் கூப்பிட வேண்டும். மற்றவர்கள் அந்தக் கடை வாசலுக்குப் போய்க் கூட்டமாக நின்று சத்தம் போட வேண்டும், உள்ளே போகக்கூடாது. வெதுப்பகக்காரியின் புருஷன் முகத்தைச் சுளித்தான். "மணி சுடாதுதானே," என்றான். "அதுதான் அதில் உள்ள நல்ல விஷயம்," என்று முசியே அவனோடு பிரெஞ்சில் ஒரு பின்னேரம் முழுக்க வாதாடினார்.

முதல் மணி ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அடித்தது. நகைக்கடையிலிருந்து. என் கணவர் மூட்டைக்குப் பின்னால் போகவில்லை. கையில் இருந்த அரிசி அளக்கும் சுண்டோடு நேராக வாசலுக்கு ஓடினார். நான் விளக்குமாற்றோடு ஓடினேன். கடைக்குள் நின்ற ஆறு வாடிக்கையாளரும் எங்களுக்குப் பின்னால் வந்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து வெதுப்பகக்காரன் அடுப்பிலிருந்து பாண் எடுக்கும் நீளத் துடுப்பை உயர்த்தியபடி மாவு உதிர உதிர வந்தான். வேட்டைத் துப்பாக்கியை அவன் மறந்தே போயிருந்தான். வாசலில் பதினைந்து பேர் சேர்ந்து தமிழிலும் பிரெஞ்சிலும் மாலிக்காரரின் பம்பராவிலும் கத்தினோம்.

உள்ளே ஒரு இளம் சோடி, கலியாண மோதிரம் தெரிவு செய்ய வந்தவர்கள். மாப்பிள்ளை எங்களைப் பார்த்து இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டார். ஒரு விரலில் மோதிரம் பாதி ஏறி நின்றது. அதை இழுக்க முயன்ற அக்கா காலை ஊன்றியது பொத்தானில்.

"ஐயோ, நான்தான், நான்தான்!" என்று அக்கா கத்தினார்.

பொலிஸும் வந்தது. ஒரு சிரிப்புக்கார இளைஞன். மோதிரம் கழலவில்லை என்று கேட்டதும், தன் அம்மா சவர்க்காரம் போடுவார் என்றான். நான் ஓடிப்போய்ச் சவர்க்காரம் கொண்டுவந்தேன். வெதுப்பகக்காரி ஒரு தட்டு நிறையச் சூடான குறுவாசோன் ரொட்டி கொண்டுவந்தாள். மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்து, வாசலில் நின்ற பதினைந்து பேரையும் கலியாணத்துக்கு வரச் சொன்னார்.

கலியாணம் இரண்டு மாதம் கழித்து, புறநகர் சென் தெனியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நாங்கள் எல்லோரும் போனோம். வெதுப்பகக்காரன் கழுத்துப்பட்டி கட்டி வந்து கத்தரிக்காய்க் கறியை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே, கடைக்காரன் துப்பாக்கி வைத்திருப்பது உரிமை என்று முசியேயிடம் மறுபடி தொடங்கினான். முசியே அப்பளத்தை மேசையில் வைத்துவிட்டு, "ஏழாம் காரணம் சொல்றேன் கேளு," என்றார். என் கணவர் கதிரையை இழுத்து அவர்களுக்கு நடுவில் போட்டுக்கொண்டு, இந்த முறை முசியேயின் பக்கம் பேசத் தொடங்கினார். நானும் அக்காவும் அவர்களை அப்படியே விட்டுவிட்டு ஆடப் போனோம்.