இடுப்பில் கட்டிய இருக்கை

உட்காருவதற்கு முன்னால் எந்த நாற்காலியையும் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்துவிடுகிறாள் அனுசியா. போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் அவள் ஸ்டூலைத் தலைகீழாகத் தூக்கினால் மாஸ்டர் இப்போதெல்லாம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "பாத்தாச்சா? இனியாச்சும் உக்காருத்தா" என்று டீயை நீட்டுகிறார். கல்யாண வீட்டுப் பந்தியில்தான் வம்பு. போன ஆவணியில் சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணத்தில், மாப்பிள்ளையின் பெரியப்பா உட்காரப் போன பிளாஸ்டிக் நாற்காலியைச் சட்டென்று இழுத்து, "கால்ல விரிசல் ஓடியிருக்கு, வேற எடுத்துக்கங்க பெரியப்பா" என்றாள். நல்ல எண்ணம்தான். ஆனால் மனிதர் அதற்குள் பாதி உட்கார்ந்துவிட்டார். மிச்சத்தை வீடியோக்காரர் ஒழுங்காகப் படம் பிடித்திருக்கிறார்.

என்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல். கல்லூரிப் பையில் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, இஞ்சி டேப், சாக்பீஸ், ஸ்க்ரூ டிரைவர் மூன்றும் இருக்கும். வலது மணிக்கட்டில் வெல்டிங் பொறி விழுந்த தழும்பு. "வளையல் போட்டா மறைஞ்சிரும்ல" என்று யாராவது அக்கறையாகச் சொன்னால், "எதுக்கு மறைக்கணும்? இது நான் வாங்கின மெடலு" என்பாள். எதைச் செய்து யாரிடம் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறதா என்று கேட்கமாட்டாள். "எங்க குத்துது? எங்க இடிக்குது? அதச் சொல்லு மொதல்ல" என்பாள். நன்றாக இருக்கிறது என்ற வார்த்தையால் அவள் பட்ட பாடு அப்படி.

எல்லாம் லிங்கேஸ்வரன் சாரின் வகுப்பால் வந்தது. முதல் இரண்டு வருடம் சூத்திரம் எழுதி, பரீட்சை எழுதி, மறந்து என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் அந்தத் தேனிக்காரர் வந்தார். அவர் வகுப்பில் கரும்பலகைக்கு வேலை குறைவு. எதையாவது வடிவமைத்து, தன் கையால் செய்து, கொண்டுவந்து வைக்க வேண்டும். முதலில் செய்தித்தாளைச் சுருட்டிப் பாலம். அடுத்து வகுப்பில் மதியச் சாப்பாட்டுப் பைகளை மாட்ட ஒரு ஸ்டாண்டு. அனுசியாவின் குழு செய்த ஸ்டாண்டு, எல்லோருடைய பையையும் மாட்டிய பிறகு சாவகாசமாகச் சாய்ந்தது. அறை முழுக்க சாம்பார் மணம். முகத்தில் ஈயாடாமல் நின்றவளிடம் சார், "எதனால சாஞ்சதுன்னு கண்டுபிடிச்சிட்டீன்னா, நிமிந்து நின்ன ஸ்டாண்டுக்குக் குடுக்குற மார்க்க உனக்கும் குடுக்குறேன்" என்றார். கண்டுபிடித்தாள், வாங்கினாள். "அந்த வகுப்பு மட்டும் இல்லன்னா, பரீட்சை எழுதியே நான் என்ஜினியர் ஆகியிருப்பேன். ஊருக்கு எவ்வளவு ஆபத்து பாருங்க" என்று சொல்லிச் சிரிக்கிறாள். சிரிப்புக்கு அடியில் இருப்பது நன்றிதான். சார் பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

கடைசிப் புராஜெக்டுக்கு சார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உங்க வீட்டுல, தெருவுல, உடம்பு நோகுற ஒரு ஆளப் பாருங்க. அவங்களுக்கு ஒண்ணு செய்ங்க. நீங்க பக்கத்துல இல்லாதப்பவும் அவங்களா எடுத்துப் பயன்படுத்தணும். அப்பத்தான் அது நிக்கும்."

உடம்பு நோகிற ஆளுக்கு அனுசியா வெகுதூரம் போகவேண்டியதில்லை. அம்மா செல்லத்தாய் விடிவதற்கு முன்னால் ஜீப்பில் மலைமெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காயெடுத்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்புகிறவள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் காய் பிடிப்பது அடியில். மண்ணோடு மண்ணாகப் படரும் சரத்தில். குத்தவைத்து, குனிந்து, செடியைச் சுற்றி நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் செல்லத்தாய்க்கு உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் அடுப்படிவரை கேட்கும். அந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்பதுதான் மகளுக்கு வேண்டியிருந்தது. மார்க்கெல்லாம் அதற்கு அப்புறம்.

தோழன் இனியவனும் அவளும் சேர்ந்து இரும்புக் குழாயை வெட்டி, பற்றவைத்து, குட்டையாக ஒரு முக்காலி செய்தார்கள். வகுப்பிலேயே கனத்த ஆள் இனியவன். அவன் அதன்மேல் உட்கார்ந்தான், குதித்தான், ஒற்றைக்காலில் நின்றான், முக்காலி அசையவில்லை. போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார்கள். அம்மா அதை மலைக்குக் கொண்டுபோனாள். திரும்பி வந்து, "கொள்ளாம்த்தா" என்றாள்.

கொள்ளாம் என்பது தோட்டத்தில் ஒட்டிக்கொண்டு வந்த மலையாளச் சொல். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். செல்லத்தாய்க்கு எல்லாமே கொள்ளாம்தான். உப்பில்லாத ரசம் கொள்ளாம். சாயம்போன சேலை கொள்ளாம். மகள் முதன்முதலாகச் சுட்ட, ஆறு மாதிரி வளைந்து வளைந்து கிடந்த தோசையும் கொள்ளாம். "ராணி கணக்கா உக்காந்து எடுத்தேன்" என்று வேறு சொன்னாள். அனுசியாவுக்கு வாயெல்லாம் பல்.

போட்டு உடைத்தவள் ரோஜா. பிளஸ் டூ வரை அனுசியாவோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். இப்போது, சித்தி என்று தான் கூப்பிடும் செல்லத்தாய் போகிற அதே ஜீப்பில் காயெடுக்கப் போகிறாள். கடைத்தெருவில் பார்த்தவுடன் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் அனு, நீ செஞ்ச முக்காலி அருமைடி. எங்க தண்ணிக்கொடம் சிம்மாசனத்துல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கு."

"கொடமா? அம்மா உக்காரலையா?"

"மொத நாளு உக்காந்துச்சு சித்தி. ஈர மண்ணுல காலு பொதஞ்சு, முக்காலி ஒரு பக்கம், சித்தி ஒரு பக்கம். சரிவுல உருண்டு கை பெசகிருச்சு. ஒங்கிட்டச் சொல்லலையாக்கும்?"

சொல்லவில்லை. கை வீங்கியிருந்ததற்குப் படியில் இடித்துக்கொண்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். அனுசியா வீட்டுக்கு வந்து குதிகுதியென்று குதித்தாள். "ஏம்மா பொய் சொன்ன?" என்று கேட்டால், செல்லத்தாய் வெங்காயத்தை உரித்துக்கொண்டே, "புள்ள கையச் சுட்டுக்கிட்டுச் செஞ்சத எப்படித்தா நொட்டை சொல்லுவேன்?" என்றாள்.

அடுத்த லீவு நாளில் தோட்டத்துக் கங்காணியைக் கெஞ்சி, அனுசியாவும் ஜீப்பில் ஏறினாள். வகுப்பறையின் சிமெண்டுத் தரை மாதிரி ஒரு சாண் இடம் அந்த மலையில் இல்லை. கால் வைத்தால் மண் உள்ளே இழுத்தது. கைகள் இரண்டும் காயில், இடுப்பில் பை, முக்காலியை நகர்த்த மூன்றாவது கைக்கு எங்கே போவது? மதியத்துக்குள் முதுகு இரண்டாகப் பிளந்தது. அட்டைப்பூச்சி கடித்து ரத்தம் வழிந்த காலைப் பார்த்து அழுதாள். கடித்தது வலித்ததால் அல்ல. பக்கத்துச் செடியில் அம்மா ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, தினமும் செய்கிற மாதிரி, மண்ணில் நகர்ந்துகொண்டிருந்தாள்.

இறங்கி வரும்போதே முடிவுசெய்துவிட்டாள்: இருக்கைக்குக் கால் இருக்கக் கூடாது, அதைக் கையில் தூக்கவும் கூடாது. ஜீப்புக்கும் லாரிக்கும் சீட் தைக்கிற மொக்கச்சாமி அண்ணன் கடைக்கு ஓடினாள். பழைய ஜீப் சீட்டின் பஞ்சு, அடியில் நனையாத ரெக்சின், இடுப்பிலும் தொடையிலும் மாட்ட சீட் பெல்ட் வார். கட்டிக்கொண்டால் மனிதரோடு அதுவும் எழுந்து நடக்கும். குத்தவைத்தால் தானே கீழே வந்து தாங்கும். "ஜீப்புக்குத் தச்சிருக்கேன், லாரிக்குத் தச்சிருக்கேன். மனுசிக்கு இப்பத்தாம்மா தைக்கிறேன்" என்று மொக்கச்சாமி தன் தையல் மெஷினையே அவளிடம் விட்டுக்கொடுத்தார். முதலில் தைத்தது உயரம் அதிகம். சரத்துக்குக் கை எட்டவில்லை. அடுத்தது தையல் ஓட்டை வழியாகத் தண்ணீரைக் குடித்துக் கருங்கல்லாகக் கனத்தது. அதற்கடுத்தது நடக்க நடக்க முழங்காலுக்கு இறங்கியது. ஒவ்வொரு குறையையும் கொண்டுவந்தவள் ரோஜா. "சித்திக்கு வாலு மொளச்சிருச்சுடி, அதுவும் தொங்கு வாலு" என்று சிரித்துச் சிரித்துச் சொல்லுவாள். அனுசியா அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. "நீ சிரிக்கச் சிரிக்கத்தாண்டி இது சீட்டாகுது" என்பாள்.

கடைசியாகத் தைத்ததைக் கட்டிக்கொண்டு போய் வந்தபோது, ரோஜா வேறு தோட்டத்துக்குப் போயிருந்தாள். குறை சொல்ல ஆளில்லை. செல்லத்தாய் வழக்கம்போல, "கொள்ளாம்" என்றாள். புராஜெக்டைக் காட்டவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. சார் கேட்டார்: "அம்மா என்ன சொல்றாங்க?"

"நல்லாருக்குங்கிறாங்க சார். அதான் பயமா இருக்கு."

சார் சிரிக்கவில்லை. "அப்ப அவங்க வாயைப் பாக்காத" என்று மட்டும் சொன்னார்.

போன வாரம் ஒரு மாலை. கல்லூரி விட்டு வந்த அனுசியா, ஜீப்புகள் வந்து ஆளை இறக்குகிற இடத்தில் நின்றாள். தூறல் விட்டு ரோடெல்லாம் சேறு. ஜீப் வந்தது, பெண்கள் தூக்குவாளியும் கையுமாக வெரசா இறங்கினார்கள். பழைய தோட்டத்துக்கே திரும்பியிருந்த ரோஜா குதித்தாள். அவளுக்குப் பின்னால் செல்லத்தாய், கம்பியைப் பிடிக்காமல் இறங்கினாள். தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வந்தவளோடு மழையைப் பற்றிப் பேசியபடி கடைத்தெருப் பக்கம் நடந்தாள்.

பின்னால் அந்தக் கறுப்பு ரெக்சின் இருக்கை, வார் அவிழாமல், அவள் நடைக்கு ஏற்ப ஆடிக்கொண்டு போனது. காயெடுத்து, எடை போட்டு, மலையெல்லாம் இறங்கி ஊருக்குள் வந்தும், அப்படி ஒன்று தன் இடுப்பில் இருப்பதே அவளுக்கு ஞாபகமில்லை.

"ஏ சித்..." என்று ரோஜா வாயைத் திறந்தாள். அனுசியா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். கண் நிறைந்திருந்தது, சிரிப்பும் வந்தது. பூக்கடைக்காரர் எட்டிப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் ஓடிப்போய், துப்பட்டாவை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து, இருக்கை யார் கண்ணிலும் படாமல், அம்மாவின் பின்னால் ஒட்டிக்கொண்டு வீடுவரை நடந்தாள்.