அப்பு சாப்பிட்டானா?

அப்பு அளவுக்கு மீறித் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது ஒரு ஜூன் மாதத்தில். டெல்லியில் ஜூன் மாதத்தில் யார்தான் குடிக்கவில்லை? கூலருக்கு முன்னால் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு படுத்திருந்த நாயைப் பார்த்து, பாவம், வெயில் என்று சொல்லிக் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே இருந்தோம்.

அக்டோபரில் கூலரைத் துணிபோட்டு மூடினோம். அப்பு குடிப்பதை நிறுத்தவில்லை. கிண்ணம் காலியானால் குளியலறை வாளியில் வாயை வைத்தான். பத்து வயதுவரை ஒருநாளும் வீட்டுக்குள் அசுத்தம் செய்யாதவன், கூடத்தின் நடுவில் சிறுநீர் கழித்துவிட்டுக் காதை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்தான். நான் திட்டினேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். துடைக்கிற துணி கையில் இருக்கும்போது இன்னும் சீக்கிரம் வரும்.

அப்பு ஒரு வெள்ளை ஸ்பிட்ஸ். நானும் என் வீட்டுக்காரரும் மத்திய அரசு ஊழியர்கள். கிட்வாய் நகர் குடியிருப்பில் இரண்டாவது மாடி. மகள் வேலை கிடைத்துப் புனேவுக்குப் போனபின் வீட்டில் மூன்றாவது ஆள் அவன்தான்.

தாகத்தைவிடப் பசி மோசமாக இருந்தது. சாப்பிட்டு முடித்த எவர்சில்வர் தட்டை நக்கிக்கொண்டே மூக்கால் தள்ளிப் போவான். மொசைக் தரையில் அது கரகரவென்று நகர்ந்து பால்கனிக் கதவில் ணங்கென்று மோதும். அங்கிருந்து திரும்பி எங்களைப் பார்ப்பான். "போதும், தொந்தி வெடிச்சிரும்" என்று நான் அதட்டுவேன். என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் இன்னொரு இட்லியை நழுவவிடுவார்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரில் யாரையும் நலமா என்று கேட்பதில்லை. சாப்பிட்டாச்சா என்றுதான் கேட்போம். ஃபோனை எடுத்தால் முதல் கேள்வியே அதுதான். சாப்பிட்டார் என்றால் நன்றாக இருக்கிறார் என்று பொருள், மேற்கொண்டு விசாரிக்க எதுவும் இல்லை.

"நல்லாத்தானே திங்கான். திங்கிற பிள்ளைக்கு என்ன நோவு வரப்போவுது?" என்றார் இவர். அப்புவின் வயிறு பானைபோல் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு ஆன்ட்டி அதைப் பார்த்து, "காத்தே-பீத்தே கர் கா லக்தா ஹை" (நல்லாச் சாப்பிடுகிற வீட்டுப் பிள்ளைபோல இருக்கிறான்) என்று பாராட்டியபோது இவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! அவரே சமைத்து ஊட்டி வளர்த்ததுபோல ஒரு சிரிப்பு.

முடி கொட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. விலாப் பக்கம் ரோமம் போய்த் தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்திருந்தது. சும்மா படுத்திருக்கும்போதும் மூச்சிரைத்தது. சோபாவில் ஏற முடியாமல் முன்னங்காலை மட்டும் வைத்துக்கொண்டு நின்றான்.

எங்கள் கால்நடை மருத்துவர் ஒரு பஞ்சாபிப் பெண். என் மகளைவிடச் சில வயது மூத்தவராக இருப்பார். அப்புவின் வயிற்றைத் தடவிக்கொண்டே பசி எப்படி என்று இந்தியில் கேட்டார். "பஹுத் அச்சா காத்தா ஹை, மேடம்" (ரொம்ப நன்றாகச் சாப்பிடுகிறான்) என்றார் இவர், மார்க் ஷீட்டை நீட்டும் அப்பாவைப் போல. டாக்டர் சிரிக்கவில்லை. "வஹீ தோ பிராப்ளம் ஹை" (அதுதானே பிரச்சினை) என்றார்.

இரத்தப் பரிசோதனைகளும் ஸ்கேனும் முடிந்து பெயர் தெரிந்தது. குஷிங் நோய். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு சின்ன வீக்கம். அது சிறுநீரகத்தை ஒட்டியிருக்கும் அட்ரினல் சுரப்பிகளை ஓயாமல் விரட்டுகிறது. அவை கார்டிசாலை (நெருக்கடியைச் சமாளிக்க உடல் சுரக்கும் ஹார்மோன்) அளவில்லாமல் கொட்டுகின்றன. அந்தத் தாகம், அந்தப் பசி, அந்தத் தொந்தி எல்லாம் கார்டிசாலின் வேலை. நாங்கள் ஊட்டி வளர்த்தது பிள்ளையை அல்ல, நோயை என்று அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது. இவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

குணமாகுமா என்று கேட்டேன். குணமாகாது, கட்டுப்படுத்தலாம், நன்றாகவே வாழவைக்கலாம் என்றார் டாக்டர். ட்ரைலோஸ்டேன் என்ற மருந்து. கேப்ஸ்யூல் வடிவில் காலையும் மாலையும் கொடுக்க வேண்டும். பிரிக்கக் கூடாது, உள்ளிருக்கும் பொடி நம் கையில் படக் கூடாது, கொடுத்ததும் கைகழுவ வேண்டும். முக்கியமாக, சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். கடைசியில் விரலை உயர்த்தி, "கானா நஹீ, தோ தவா நஹீ" என்றார். சாப்பாடு இல்லையென்றால் மருந்தும் இல்லை.

தலையாட்டினோம். படியிறங்கும்போது இவர் என் காதருகில், "இவன் சாப்பிடாத நாளுன்னு ஒண்ணு வரவா போவுது?" என்றார். நானும் சிரித்தேன்.

முதல் சில வாரங்கள் அளவு பார்க்கும் காலம். மருந்தின் அளவை நாயின் எடை மட்டும் தீர்மானிப்பதில்லை, அதன் உடம்பு என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். அதைக் கேட்பதற்கு ஒரு பரிசோதனை உண்டு. காலையில் வழக்கம்போல் சாப்பாடும் மருந்தும் கொடுத்து, டாக்டர் சொன்ன நேரத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு முறை இரத்தம் எடுத்து, அட்ரினலைத் தூண்டும் ஊசியைப் போட்டு, காத்திருந்து மறுபடி எடுப்பார்கள். தூண்டியபின் கார்டிசால் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் விடை. அந்தக் காத்திருப்பில் அப்பு என் காலணியின்மேல் தாடையை வைத்துத் தூங்குவான். அலுவலகத்தில் கோப்பு ஒரு மேசையில் கிடந்தாலே பொறுக்காத நான், அவன் விழித்துவிடக் கூடாதென்று காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

முதல் சோதனைக்குப் பிறகு அளவைக் கொஞ்சம் கூட்டினார்கள். பலன் தெரிந்தது. வாளியை மறந்தான். கூடம் காய்ந்திருந்தது. ஒருநாள் பாதி இட்லியை மிச்சம் வைத்துவிட்டுப் போனான். "பாத்தியா, மரியாத வந்துட்டு!" என்று இவர் சந்தோஷப்பட்டார். நானும்தான். அந்த மிச்சத்தை டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். பசி தணிவது நல்ல செய்தி என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அந்த வாரம்தான் என் அண்ணன் மகளுக்குப் பாளையங்கோட்டையில் கல்யாணம். நாயை விட்டுவிட்டு இருவரும் போக முடியாது. "நீ போ, உன் அண்ணன் மவ கல்யாணம். இவன நான் பாத்துக்கிடுதேன்" என்றார். போனேன்.

மேளச் சத்தத்துக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு ஃபோன் செய்தேன்.

"அப்புக்கு மருந்து குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு."

"நீங்க சாப்டீயளா?"

"தோசை சுட்டுக்கிட்டேன். நீ கல்யாணத்தப் பாரு."

மறுநாளும் இதே பேச்சு, ஒரு சொல் மாறாமல்.

திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அப்பு ஓடிவரவில்லை. தட்டில் பாலில் ஊறிய இட்லி தொடப்படாமல் காய்ந்திருந்தது. பக்கத்தில் பாயில் கிடந்தான். என்னைக் கண்டதும் வால் நுனி ஒருமுறை அசைந்தது, அவ்வளவுதான். பின்னங்கால்கள் நடுங்கின. காலையில் வாந்தியும் எடுத்திருக்கிறான்.

"நேத்துலேர்ந்தே ஒரு மாதிரியாத்தான் இருக்கான். கல்யாண வீட்ல இருக்கவளுக்கு என்னத்துக்குச் சொல்லணும்னு..." என்று இழுத்தார் இவர்.

"சாப்பிடலையா?"

"ஒரு வாய்கூடத் தொடல. ஆனா மருந்த நான் விடல. வாயப் பிரிச்சு உள்ள தள்ளிட்டேன். இன்னைக்குக் காலைலயும்."

பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆட்டோவில் நான் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியும்.

டாக்டர் உடனே உள்ளே கொண்டுபோனார். இப்போது கார்டிசால் ஒரேயடியாக இறங்கிவிட்டது. அடிசன் நிலை (அட்ரினல் சுரப்பிகள் வேலையை நிறுத்திவிடுவதால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும் நிலை). சலைன் ஏற்றி ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இத்தனை வாரமாகக் குறைக்கப் பாடுபட்ட பொருளையே ஊசியில் அடைத்து உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. பிழைப்பானா என்று கேட்டதற்கு, "தேக்தே ஹைன்" (பார்ப்போம்) என்று மட்டும் சொன்னார்.

வெளியே நடையில் ஒரு பெஞ்சு. திட்டுவதற்கு என்னிடம் எல்லாம் தயாராக இருந்தது. அப்போதுதான் இவர் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரலிலும் கட்டைவிரலிலும் பல் கீறிய கோடுகள். வாயைத் திறக்க மறுத்தவனோடு அந்த இரண்டு நாளும் மல்லுக்கட்டியிருக்கிறார். அவருக்குச் சர்க்கரை உண்டு, புண் லேசில் ஆறாது. மருந்துகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"ஏளா, அவனக் கொன்னுட்டேனா?" என்றார்.

எங்கள் வீடுகளில் காய்ச்சல்காரர் தட்டைத் தள்ளிவிட்டால் என்ன சொல்வோம்? 'சாப்பிடலேன்னாலும் மருந்தையாவது போட்டுக்கிடுங்க.' எனக்கு டைபாய்டு வந்தபோது இவர் அப்படித்தான் என் வாயில் போட்டார். அதே அன்பைத்தான் அப்புவுக்கும் காட்டியிருக்கிறார். அந்த அன்பு இந்த மருந்துக்கு ஆகாது. இதை எந்தக் கோபத்தோடு நான் சொல்வேன்?

"நான் ஃபோன்ல என்ன கேட்டேன்?" என்றேன். "மருந்தத்தானே கேட்டேன். அவன் சாப்டானான்னு ஒரு வார்த்த கேட்டேனா? ஊர்ல இருக்க அத்தன பேரையும் கேட்டேன், உங்களக் கேட்டேன். அவன மட்டும் கேக்கல."

நான் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவர் விரலைச் சுற்றினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த மனிதர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்ததில்லை.

மறுநாள் காலை டாக்டரே கூப்பிட்டு, தலையைத் தூக்குகிறான், வரலாம் என்றார். போனோம். அவர் எங்களைத் திட்டவில்லை. நிறையப் பேர் செய்கிற தவறுதான் என்றார். ஒரு வேளை மருந்து விட்டுப்போனால் தாகம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். சாப்பிடாத நாய்க்குக் கொடுத்த ஒரு வேளை மருந்துதான் இங்கே கொண்டுவந்து சேர்க்கும். சோர்வு, வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பாட்டை மறுப்பது, இதில் எது வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு உடனே ஃபோன் செய்யுங்கள் என்றார். இந்தக் கட்டுரையில் நீங்கள் மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறக்க வேண்டாம். உங்கள் நாய்க்கு எவ்வளவு, எப்போது என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். எங்கள் அளவு உங்களுக்கு உதவாது.

ட்ரைலோஸ்டேனை நிறுத்தினார்கள். வீட்டுக்கு வந்த அப்பு குளிர்கால வெயில் விழும் பால்கனியில் படுத்தே கிடந்தான். இவர் குழைந்த சோற்றை விரலில் எடுத்து மூக்கருகே நீட்டுவார், அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான், கை பின்வாங்கிவிடும். வற்புறுத்தாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஒரு காலை நான் அடுப்படியில் நின்றபோது கூடத்தில் கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ணங். ஓடிவந்து பார்த்தால் பால்கனிக் கதவருகே தட்டு, அதன்பின்னே அப்பு, திரும்பிப் பார்த்தபடி. இந்தச் சத்தத்துக்காக எத்தனை முறை அவனை வைதிருக்கிறேன்! இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இட்லி எடுக்கப் போனார். நான் தடுக்கவில்லை.

மறுபரிசோதனைக்குப்பின் குறைந்த அளவில் மருந்தைத் தொடங்கினோம். ரோமம் மெல்ல வந்தது, முன்னைவிட மென்மையாக, விலாவில் லேசான பழுப்பு நிறத்தில். நோய் போகவில்லை, போகாது. தொந்தியும் முழுதாக வற்றவில்லை.

எங்கள் பொழுது மாறிவிட்டது. முன்பு எங்கள் காலை குக்கர் விசிலோடும் ஆபீஸ் பஸ்ஸோடும் ஓடும். இப்போது இருவரும் தட்டருகே நிற்கிறோம். கேப்ஸ்யூல் இவர் உள்ளங்கையில். அப்பு முகர்கிறான், யோசிக்கிறான். அவன் முதல் சில வாய் தின்னும்வரை பொழுது விடிவதில்லை. பசி என்றால் நலம் என்று நினைத்திருந்த காலம் போயிற்று. நோயின் பசி எது, உடம்பின் பசி எது என்று அவன் நக்குகிற வேகத்திலேயே தெரிகிறது. என் உடம்பையும் இப்போது கொஞ்சம் கேட்கிறேன். வேண்டாம் என்று அது சொன்னால் தட்டை ஒதுக்கிவிட்டு ஏன் என்று யோசிக்கிறேன்.

சென்ற மாதம் அதே அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. போக மாட்டேன் என்றேன். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று இவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. அதனாலேயே போனேன்.

காலையில் பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிட்டேன். ஃபோனை எடுத்தவர் ஹலோகூடச் சொல்லவில்லை. நானும் கேள்வியைத் தொடங்கவில்லை. மறுமுனையில் கரகரவென்று மொசைக் தரையில் தட்டு நகரும் சத்தம். நகர்ந்துகொண்டே போய், ணங்.

"கேட்டுதா?" என்றார்.

"கேட்டுது. இப்ப மருந்தக் குடுங்க" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிட்டாரா என்று கேட்டேன்.