கொடியில் காய்ந்த வானம்

எண்ணூரில் மொட்டை மாடிக் கொடியில் எதைக் காயப்போட்டாலும் கையால் தடவிப் பார்த்துத்தான் எடுப்போம். விரலில் அனல்மின் நிலையத்து நிலக்கரிக் கரி ஒட்டினால் மறுபடி அலச வேண்டும். பிறந்ததிலிருந்து இங்கேயே குப்பை கொட்டும் எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் படங்களைக் காயப்போட்ட அன்று மூளை வேலை செய்யவில்லை.

வேல்ஸ் நாட்டில் கையால் அச்சடித்துப் புத்தகம் போடும் சின்ன அச்சகம் ஒன்று, பல ஊர்க் கடற்கரைகளை மரச்செதுக்குப் படங்களாகக் கேட்டிருந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க எங்கள் முகத்துவாரத்தை மரக்கட்டையில் செதுக்கினேன். செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. புகைபோக்கிகளையும் படகுகளையும் கறுப்பாக நிறுத்திவிட்டு, வானத்தை மொத்தமாக வழித்து வெள்ளையாக்கினேன். அவர்கள் அனுப்பிய தாளில், குழம்புக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து அச்செடுத்தேன். தாள் தீர்ந்தது. எண்ணெய் மை சீக்கிரம் காயாது என்று எல்லாவற்றையும் மாடியில் கிளிப் போட்டு மாட்டினேன்.

மதியம் காற்று திரும்பியது. ஓடிப்போய்ப் பார்த்தால், வெள்ளை வானமெங்கும் பொடிப்பொடியாகக் கரி. கடல் ஈரத்தில் தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊதினேன், போகவில்லை. ஒன்றைத் துடைத்தேன், இழுவிக்கொண்டது. அழுகை முட்டியது. இந்த ஊரில் பிறந்ததற்கே எரிச்சலாக வந்தது.

துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? நம்ம வானம் இப்டித்தானே கீது. அப்டியே அனுப்பு."

"நீ வேற ஏன்க்கா வயித்தெரிச்சல கெளப்புற" என்றேன்.

வேறு தாள் இல்லை, நாளும் இல்லை. வேண்டாம் என்றுதான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டே, கரி எப்படி விழுந்தது என்று ஒரு வரி எழுதி அனுப்பிவைத்தேன்.

ஒரு மாலை அந்த அச்சகக்காரர் வீடியோ காலில் வந்தார். வயதானவர். என் படத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினார். அவர் ஊரும் நிலக்கரி ஊராக இருந்ததாம். காற்று திரும்பினால் அவருடைய அம்மாவும் துணியை வாரிக்கொண்டு ஓடுவாராம். படங்கள் எல்லாமே புத்தகத்தில் சேரும் என்றார். நான் இழுவிய ஒன்றை மட்டும் தன் வீட்டில் மாட்டிக்கொள்ளப் போகிறாராம்.

சந்தோஷம் தாங்காமல் அக்காவிடம் ஓடிச் சொன்னேன். அவர் புத்தகத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"இப்போ அந்த ஊர்ல துணி எப்டி காயுதாம்?"

"வெள்ளையாத்தான்கா. சுரங்கத்த மூடிட்டாங்களாம்."

கொடியில் கிடந்த மகளின் பள்ளிச் சட்டையை அக்கா விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்ப நமக்கும் காயும். நீ செதுக்குன அந்தக் கட்டைய தூக்கிப் போட்டுடாத. ஒரு நாள் இன்னொரு தபா அடிச்சு, இதே கொடில மாட்டு."