கொச்சியில இருந்து வாசிச்சது யாரு

எனக்க அண்ணன் கொச்சியில இருந்து மீன்பிடிக்கப் போன போட்டுல இருந்து கடல்ல விழுந்து செத்தான். அவனப் பத்தி எழுததுக்குன்னே போன்ல ஒரு வலைப்பூ தொடங்குனேன். எட்டாங்கிளாசோட நின்னவ நான், பேசுத மாதிரிதான் எழுத வரும்.

அவனுக்க கூட்டாளியும் அன்னைக்கு அதே போட்டுலதான் இருந்தாரு. எங்க ஊரு முட்டத்துக்கு அடக்கத்துக்கு வந்தாரு, ஒண்ணும் சொல்லாம திரும்ப கொச்சிக்குப் போயிட்டாரு. அண்ணன் எப்பிடி விழுந்தான், கடைசியா என்ன சொன்னான்? எனக்கு அது தெரியணும். போன்ல கேட்டா "பொறவு பேசுவோம் மக்கா"ம்பாரு. அதனால வலைப்பூவுலயே கேட்டு எழுதிட்டு, அவருட்டயும் சொன்னேன். "தெனமும் வாசிக்கேன் மக்கா, மனசு ஆறட்டும், சொல்லுதேன்"னாரு.

வாசிக்காரான்னு பாக்கத்தான் வாசிக்க வாற ஆள எண்ணுத ஒரு கவுண்டர் ஓசியில கெடச்சுது, அத வலைப்பூவுல போட்டேன். எந்த ஊருல இருந்து ஆளு வருதுன்னு அது காட்டும். தெனமும் கொச்சி, கொச்சின்னு வரும். எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம். அம்மைட்ட கொண்டு காட்டுவேன். அம்மை அந்த எழுத்த வெரலால தடவிப் பாப்பா.

ஒருநா அந்தக் கவுண்டர் அண்ணனுக்க போட்டோ மேலயே ரம்மி விளம்பரத்தப் போட்டுது. பொறுக்க முடியல. கம்ப்யூட்டர் படிக்குத பக்கத்து வீட்டு கூட்டுகாரிட்ட வேற கவுண்டர் கேட்டேன். பெரிய கம்பெனிக்க கவுண்டர் ஒண்ணு காட்டுனா, ஒரே கோடும் படமுமா தல சுத்திச்சு. பின்ன சின்னதா ஒண்ணு. "இதுல விளம்பரம் கெடையாது ஏட்டி. உனக்க போன எண்ணாதன்னும் சொல்லி வைக்கலாம்"னா. அதையே போட்டு, எனக்க போன எண்ணாம இருக்கவும் வச்சோம்.

மறுநா பாத்தா சைபர். அதுக்கு மறுநாளும் சைபர்தான்.

"கொச்சி எங்க போச்சு ஏட்டி?"

அவ அவளுக்க போன்ல எனக்க வலைப்பூவ தொறந்தா. உடனே கவுண்டர்ல கொச்சின்னு வந்துது. அவ முட்டத்துல எனக்க பக்கத்துலதான் இருக்கா!

"நம்ம சிம்முக்க நெட்டு கொச்சி வழியா போவுது போல, அதான் இங்க தொறந்தாலும் கொச்சின்னு காட்டுது. நீதானே நாள் முழுக்க தொறந்து தொறந்து பாத்துட்டு இருந்த?"

கொச்சி நான்தான்.

அண்ணனுக்க கூட்டாளிக்கு போன் போட்டேன். "அண்ணே, வாசிச்சியளா?"

"பின்ன! நேத்துகூட வாசிச்சேன். நல்லா எழுதியிருக்க. அவன் தங்கமான பய லா."

"நேத்து நான் எழுதுனது, அவன் எனக்க கம்மல எடுத்து வித்தத."

போட்டு எஞ்சின் சத்தத்துக்கு மேல கத்துனாரு.

"இங்க ரேஞ்ச் இல்ல மக்கா."

வச்சிட்டாரு.

அம்மைக்கிட்ட இன்னும் சொல்லல. "கொச்சி வந்துதா?"ன்னு கேப்பா. "பாக்கல"ம்பேன். புதுக் கவுண்டர எடுக்கல. அவருட்ட கேட்ட கேள்வியும் வலைப்பூவுல முதல்லயே கெடக்கு. இனி கொச்சின்னு வந்தா, அது யாரா இருந்தாலும் நான் இல்ல.