செல்வகுமாரி திறந்த ஸ்கேன் படம்

வில்லியனூர் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் பதினோரு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள் செல்வகுமாரி. பாகூர்ப் பெண். பிளஸ் டூ முடித்துக் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவள். கரும்பு போடும் அரிகரனுக்கு வாக்கப்பட்ட பிறகு, அவன்தான் கடை பிடித்துக் கொடுத்தான். சாதிச் சான்றிதழ், ஹால் டிக்கெட், பட்டா நகல் என்று எதற்கும் அவளிடம்தான் வருவார்கள்.

போன தையில் ஒரு காலை, கரும்பு லோடின் மேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்த அரிகரன் முதுகு அடிபட விழுந்தான். இரண்டு காலும் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட் சாயங்காலம்தான் என்றார்கள். சென்னையில் ஒரு முதுகெலும்பு டாக்டரின் நம்பர் கிடைத்தது. செல்வகுமாரி அவரைக் கூப்பிட்டாள்.

"ரிப்போர்ட் வேணாம்மா, படத்தை அனுப்புங்க. பன்னெண்டு மணிக்கு ஆபரேஷனுக்குப் போயிடுவேன். அதுக்குள்ள பார்த்தாத்தான் கூட்டிட்டு வரலாமான்னு சொல்ல முடியும்."

கொழுந்தன் அன்புராஜை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, ஸ்கேன் சிடியோடு கடைக்கு ஓடிவந்தாள். மணி பதினொன்று இருபது.

சிடியில் இருநூறு ஃபைலுக்கு மேல் இருந்தன. ஒன்றைத் தட்டியதும், எதில் திறக்கட்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. அவசரத்தில், பட்டியலில் முதலில் இருந்த வீடியோ பிளேயரைத் தொட்டு, 'எப்போதும்' என்பதையும் அழுத்திவிட்டாள். கறுப்புத் திரைதான் வந்தது. அடுத்த ஃபைலும் பிளேயரிலேயே திறந்தது. அதற்கடுத்ததும் அப்படியே. கம்ப்யூட்டர் மறுபடி கேட்கவேயில்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தாள். அதில் ஆறு நிமிடம் போனதுதான் மிச்சம்.

அன்புராஜ் போன் செய்தான். "அண்ணி, கால்ல கிள்னாகூட அண்ணனுக்குத் தெரியலியாம். டாக்டரு இன்னா சொன்னாரு?"

"இன்னும் அனுப்பலபா."

"மணி ஆவுதே அண்ணி."

எத்தனையோ பேருடைய ஃபைலைத் திறந்து கொடுத்தவள், புருஷன் படத்தைத் திறக்க வழி தேடினாள். சிடியை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள். படங்களுக்குக் கீழே தனியாக ஒரு ஃபோல்டர், அதற்குள் இந்தப் படங்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு புரோகிராம். ஒரு ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸுக்குள் போய், எதில் திறக்க வேண்டும் என்ற இடத்தில் வீடியோ பிளேயரை எடுத்துவிட்டு அந்தப் புரோகிராமைக் காட்டிக் கொடுத்தாள். மறுபடி தட்டினாள்.

சாம்பல் நிறத்தில் அரிகரனின் முதுகெலும்பு திரையில் வந்தது. நடுவில் ஓர் எலும்பு உள்ளே தள்ளிக்கொண்டிருந்ததை அவளாலேயே பார்க்க முடிந்தது. அந்த எலும்பு தெரிந்த படங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் செல்போனில் எடுத்து அனுப்பினாள். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு டாக்டர் கூப்பிட்டார்.

"நரம்பை அழுத்துது. முதுகு அசையாம படுக்கவச்சு உடனே கிளப்புங்க. இங்க சொல்லி வைக்கிறேன்."

அன்றே ஆபரேஷன் நடந்தது. மூன்றாம் மாதம் இடது கால் ஊன்ற வந்தது. வலது கால் இன்னும் இழுக்கிறது. கரும்பு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்.

கடைசியாகச் சென்னை போனபோது டாக்டரிடம் அவள் கேட்டாள்: "அந்த அரை மணி நேரம் நான் தடுமாறாம இருந்திருந்தா, வலது காலும் வந்திருக்குமா சார்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா," என்றார் அவர்.

வந்திருக்காது என்று அவர் சொல்லவில்லையே என்பதுதான் ஊர் வந்து சேரும்வரை அவள் மனதில் ஓடியது. பக்கத்து சீட்டில் அரிகரன் தூங்கிக்கொண்டு வந்தான்.